ரேகைச் சட்டத்திலிருந்து கணினி வரை: கேள்வி பதில்

செயற்கை நுண்ணறிவு காட்டும் பாரபட்சம் பற்றி மதுரை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இயந்திரக் கற்றல் துறையில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

உசிலம்பட்டி ஆசிரியர்: கணினிக்குச் சாதியும் தெரியாது, இனமும் தெரியாது. வெறும் கணக்கு. இதில் காலனி ஆட்சி எங்கே வந்தது?

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது, சார். 1871-இல் பிரிட்டிஷ் அரசு போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பக்கம் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் ஆஜராக வேண்டும். ஒருவர் என்ன செய்தார் என்று யாரும் பார்க்கவில்லை; எங்கே பிறந்தார் என்பதே போதுமானதாக இருந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 உயிர்கள் போயின.

இப்போது கணினிக்கு வருவோம். எங்கே குற்றம் நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் நிரலுக்குத் தீனி, பழைய போலீஸ் பதிவேடு. போலீஸ் எங்கே போனது என்பதைத்தான் அந்தப் பதிவேடு காட்டும். ரோந்து அதிகம் போன தெருவில் கைதும் அதிகம். நிரல் அதைப் படித்துவிட்டு மறுபடி அதே தெருவுக்கு ஜீப்பை அனுப்பும். அங்கே நடக்கும் புதுக் கைதுகளும் தீனியாகும். ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்க அமெரிக்க நீதிமன்றங்கள் பயன்படுத்திய காம்பஸ் நிரலை 2016-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. பிறகு எந்தக் குற்றமும் செய்யாதவர்களில், கறுப்பினத்தவரை ஆபத்தானவர் என்று அது தவறாகக் குறித்தது வெள்ளையரைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இத்தனைக்கும் அந்த நிரல் யாருடைய இனத்தையும் கேட்கவில்லை.

அண்ணாநகர் வாசகர்: வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. இன்னும் அவனையே குறை சொல்லலாமா?

அவனை மட்டும் சொல்லவில்லை. 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பட்டியல் போட்டுக் கண்காணிக்கும் பழக்கத்தை நாமே வைத்துக்கொண்டோம். எனக்குக் கோபமெல்லாம் அதில்தான்.

செக்கானூரணி கல்லூரி மாணவி: அக்கா, சாதி என்ற கட்டத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாதும்மா. சிறைப் பதிவேடுகளில் அந்தக் கட்டத்தை நீக்கச் சொல்லி 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் வேலை விண்ணப்பங்களைச் சலிக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அரசு கள்ளர் பள்ளிகள் இருக்கின்றன. படித்த பள்ளி என்ற ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடும். அதை மறைத்தால் ஊர் இருக்கிறது, பின்கோடு இருக்கிறது. இதுவரை யாரை எடுத்தார்கள், யாரை ஒதுக்கினார்கள் என்று பார்த்துப் பழகிய நிரல், கட்டம் இல்லாமலே வழி கண்டுபிடிக்கும். அதனால் முடிவுகளைச் சமூகவாரியாகத் தணிக்கை செய்ய வேண்டும். சாதித் தகவல் தணிக்கை செய்பவர் கையில் மட்டும் இருக்கட்டும், நிரலுக்குப் போகக் கூடாது.

மேலூர் வாசகர்: வேலைத்தளத்தில் முகம் காட்டித்தான் வருகைப்பதிவு. அம்மா முகத்தை அடிக்கடி எடுக்க மாட்டேன் என்கிறது. நிறம்தான் காரணமா?

வெயில், கேமரா, நிறம் என எதுவும் காரணமாகலாம். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக நிரல்களை 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. பதிவாகாத நாளைத் தேதி, நேரத்தோடு எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அம்மாவின் கூலி போகக் கூடாது.

திருமங்கலம் வாசகர்: செயற்கை நுண்ணறிவிடம் தமிழில் கேட்டால் செலவு கூடுதல் என்கிறார்களே?

உண்மைதான். எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் ‘மதுரை’ என்பது 5 குறிகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் (கணினியின் சேமிப்பு அலகு) வீதம் 15 பைட். ஆங்கில எழுத்தில் அதே பெயருக்கு 7 போதும். கேள்விக்குப் பதில் எழுதும் மொழி நிரல்கள் எழுத்தைத் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். பயிற்சியில் அதிகம் பார்த்த மொழியின் சொல் முழுசாக நிற்கும், குறைவாகப் பார்த்த மொழி பொடிப்பொடியாகும். கட்டணம் துண்டுக்கு இவ்வளவு என்பதுதான்.

மாணவி மறுபடியும்: நாங்கள் என்ன செய்யலாம்?

கணினிக்குப் பேச்சைப் பழக்க மக்களின் குரலைச் சேகரிக்கும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் தமிழ் இருக்கிறது. வாக்கியங்களை வாசித்துக் குரல் கொடுங்கள், வீட்டுப் பாட்டிகளையும் பேச வையுங்கள். அப்புறம், எந்த அரசு அலுவலகமாவது இப்படிப்பட்ட நிரலை வைத்து முடிவெடுத்தால், அது எந்தத் தரவில் பழகியது, யார் சோதித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.