எட்டு வயதுப் பையன் யாரைப் பார்த்துக் கற்றான்?

கேள்வி: எங்கள் கிராமத்தில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக வாசகர் வட்டம் நடத்துகிறேன். ஏப்ரல் 14, சமத்துவ நாளன்று டீக்கடை முன்னால் அம்பேத்கர் படம் வைத்தேன். அன்றிலிருந்து பங்காளிகள் விசேஷத்துக்கு அழைப்பதில்லை. காலனி ஆட்களும் கூட்டத்துக்கு வருவதில்லை. இத்தனைக்கும் அவர்களோடு எங்களுக்கு நல்ல பழக்கம். வயலுக்கு வரும் பெரியவரை என் எட்டு வயது மகன்கூட, பாட்டியைப் போலவே, பெயர் சொல்லி 'வாடா' என்று உரிமையோடு கூப்பிடுவான். ஊரை எப்படி மாற்றுவது?

பதில்: பங்காளிகள் பத்திரிகை வைக்காததைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வேலையில் இறங்கிய எல்லோரும் எழுதுவதுதான். நாலு வீட்டுப் பந்தி போனால் போகட்டும்.

அந்தப் பெரியவருக்கு என்ன வயது? 'பெரியவர்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரை எட்டு வயதுப் பிள்ளை 'வாடா' என்கிறான், அதை நல்ல பழக்கத்துக்குச் சாட்சியாக எனக்கு எழுதியும் அனுப்புகிறீர்கள்! உரிமை என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டுமே. அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்? அவருடைய பேரன் உங்கள் அம்மாவைப் பெயர் சொல்லி 'வாடி' என்றால் அன்றைக்கு உங்கள் வாசலில் என்ன நடக்கும்? காலனியிலிருந்து ஏன் யாரும் வரவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள். நீங்கள் கூட்டத்தில் பேசியதை அவர்கள் கேட்டதில்லை, உங்கள் பையன் பேசுவதைத் தினமும் கேட்கிறார்கள்.

டீக்கடையில் தனி டம்ளர் வைத்தால் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாலு பேர் முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் 'வாடா'வுக்கு எந்தப் பிரிவும் கிடையாது. அங்கே தாசில்தாரும் நீங்கள்தான், டி.எஸ்.பி.யும் நீங்கள்தான்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்பீர்கள். பெற்றவளுக்குச் சோறு போடுவதும் மருந்து வாங்கித் தருவதும் மகன் கடமை, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அவர் வாயில் வருவதைப் பேரன் தலையில் கட்டுவது எந்தக் கடமையிலும் சேராது. அவரிடம் நேராகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பார், இருக்கட்டும்.

பையன் இனி 'தாத்தா' என்றே கூப்பிட வேண்டும். பெரியவர் முதலில் கூச்சப்படுவார், பயப்படவும் செய்வார். பக்கத்து வயல்காரர் பார்த்தால் ஏச்சு வாங்குவது அவரல்லவா? அப்போது 'நான்தான் சொல்லிக்கொடுத்தேன்' என்று நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள். ஊர்க் கோபம் உங்களுக்குப் பந்தியோடு போய்விடும். அவருக்கோ அறுப்பு வேலை, மளிகைக் கடன் எல்லாமே நின்றுபோகலாம். அப்படி ஒதுக்கிவைப்பதும் குற்றம்தான். 2015 திருத்தத்துக்குப் பிறகு சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு அதே 1989 சட்டத்தில் சேர்ந்துவிட்டது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. ஸ்டேஷனுக்குக் கூடப் போவது உங்கள் வேலை.

வாசகர் வட்டத்துக்கு இப்போதைக்கு விடுமுறை விடுங்கள். அடுத்த கூட்டம் எங்கே, எதைப் பற்றி என்று காலனி ஆட்கள் சொல்லட்டும். கூப்பிட்டால் போங்கள்.