குவாண்டம் வேலைக்குச் சான்றிதழ் போதுமா? – கடிதம்

வணக்கம் ஐயா,

திருநெல்வேலியில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். குவாண்டம் கணினித் துறைக்குப் போக ஆசை. இணையத்தில் சில சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறேன், கிஸ்கிட்டில் (குவாண்டம் கணினிக்கு நிரல் எழுத உதவும் மென்பொருள்) நிரல் எழுதுவேன். ஐ.டி.யில் இருக்கும் அண்ணன், “இதுவே போதும், லேபில் வருஷக்கணக்கில் உட்காராதே” என்கிறார். எம்.டெக். போகலாமா, பிஎச்.டி.யா, நேரே வேலையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அண்ணன் சொல்வது அவர் துறைக்குப் பொருந்தும். உங்களுடையதற்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

2025-இன் இயற்பியல் நோபல் பெற்ற மூவரில் ஜான் மார்டினிஸ், பரிசுக்குரிய சோதனைகள் (மின்சுற்றிலும் குவாண்டம் விளைவுகள் தெரியும் என்று காட்டியவை) 1980களின் நடுவில் பெர்க்லியில் நடந்தபோது ஆய்வு மாணவர். ஜான் கிளார்க் அவருடைய வழிகாட்டி, மிஷெல் டெவொரே அங்கே முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருந்தார். கோட்பாடு ஏற்கெனவே இருந்தது. வெளியிலுள்ள கருவிகளின் நுண்ணலை இரைச்சல் கம்பி வழியாகச் சோதனைச் சுற்றுக்குள் இறங்காமல் தடுப்பதுதான் பெரும்பாடு. அதற்காகச் செம்புத்தூள் அடைத்த வடிகட்டிகளைச் செய்து பொருத்தினார்கள். நோபல் வேலையில் பாதி இந்த மாதிரி வேலைதான்!

இன்றும் நிலைமை அதுவே. மின்தடையே இல்லாத மீக்கடத்தியில் செய்த கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு, சுமார் 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அந்த அதிர்வெண்ணுக்குரிய ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் கால் கெல்வின்தான் தேறும். 4.2 கெல்வினில் இருக்கும் திரவ ஹீலியமே அதற்குக் கொதிக்கிற வெந்நீர். ஆகவே ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையில் ஓடும் டைல்யூஷன் ஃபிரிட்ஜில் 10, 20 மில்லிகெல்வினுக்கு இறக்குகிறார்கள். எங்காவது சின்னக் கசிவு இருந்தால் சூடாக்கி, திறந்து, தேடி, மறுபடி குளிர்விப்பதற்குள் நாட்கள் ஓடிவிடும். கிஸ்கிட் இதைச் சொல்லித் தராது.

இந்தியாவில் 2023 ஏப்ரலில் ஒப்புதலான தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ரூ.6,003.65 கோடி, 2030-31 வரை. அதன் மையங்கள்: கணினிக்கு பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் கழகம்), தகவல்தொடர்புக்கு சென்னை ஐ.ஐ.டி., உணரிகளுக்கு மும்பை ஐ.ஐ.டி., பொருட்களுக்கும் சாதனங்களுக்கும் டெல்லி ஐ.ஐ.டி. ஐ.ஐ.எஸ்சி.யில் குவாண்டம் டெக்னாலஜி எம்.டெக். இருக்கிறது. கருவியோடு வேலை செய்யத்தான் ஆசையென்றால் முதலில் அதற்கு முயலுங்கள். புதிய கியூபிட்டையே வடிவமைக்க வேண்டும் என்ற பித்து இருந்தால் மட்டும் பிஎச்.டி. ஐந்தாறு வருஷம் போய்விடும், வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.

அதுவரை கல்லூரி லேபில் சால்டரிங் பழகுங்கள். ஆசிலாஸ்கோப்பைப் பைத்தானில் இயக்கி அளவீடு எடுங்கள். இரைச்சலுக்குள் புதைந்த சின்னச் சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் பூட்டிக் கிடந்தால் சாவி கேளுங்கள். அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு உங்களுக்குத் தகுதி உண்டா என்றும் பாருங்கள்.

விண்ணப்பத்தில் சான்றிதழ்ப் பட்டியலை மேலே போடவேண்டாம். எந்தக் கருவி எப்படிக் கோளாறு செய்தது, நீங்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். லேப் நடத்துபவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.