எக்ஸ்ரே சுத்தம், காய்ச்சல் மட்டும் விடவில்லை

கேள்வி: என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ கொடுத்த பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டும் ஐந்து நாளாக விடவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனாலும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். வீண் செலவுதானே?
- வாசகர், பாலக்கோடு

பதில்: வீணில்லை. இன்றே எடுத்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது கிருமி அல்ல; கிருமியை எதிர்க்கத் திரளும் வெள்ளணுக்களும் அவற்றோடு கசியும் நீரும்தான். கிருமியோடு முதலில் மோதும் வெள்ளணுவான நியூட்ரோபில், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போய்விட்டால் திரள ஆளில்லை. அதனால் உள்ளே நிமோனியா முற்றிக்கொண்டிருந்தாலும் படம் சுத்தமாக இருக்கலாம். சி.டி. நுரையீரலை ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவிக் காட்டுவதால், இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு கட்டியும் அகப்படும்.

ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ரத்தக் குழாயைத் துளைக்கும்போது சுற்றிலும் ரத்தம் கசியும். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டியதுபோல, கட்டியைச் சுற்றி மங்கலான வளையம் தெரியும். ஒரு வாரத்தில் அந்த வளையம் மங்கிவிடும். அவசரம் அதற்காகத்தான். நடு மங்கலாகவும் விளிம்பு தடிப்பாகவும் இருந்தால் மியூகார் என்ற வேறொரு பூஞ்சையோ என்ற சந்தேகம் வரும். ஆஸ்பெர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மருந்து அதற்குக் கேட்காது. ஓசூர் மார்கழிப் பனிபோல இரண்டு பக்கமும் புகைமூட்டம், அதனூடே ரத்தக் குழாய்கள் தெரிகின்றன என்றால் நியூமோசிஸ்டிஸ் என்ற இன்னொரு நுரையீரல் பூஞ்சையையும் நினைக்க வேண்டும். படம் துப்புதான் கொடுக்கும். கிருமியின் பெயரைச் சொல்ல சளிப் பரிசோதனை, ரத்தத்தில் கேலக்டோமேனன் (ஆஸ்பெர்ஜில்லஸ் வெளிவிடும் பொருள்) பரிசோதனை, தேவைப்பட்டால் பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) வேண்டும்.

இதற்குப் பெரும்பாலும் சாய ஊசி தேவைப்படாது. மூச்சை நன்றாக உள்ளிழுத்துப் பத்து விநாடி அடக்கத் தம்பியை முன்கூட்டியே பழக்குங்கள். பாதி மூச்சில் எடுத்தால் நல்ல நுரையீரலே புகைமூட்டமாகத் தெரியும். கீமோ தேதியையும் கடைசி ரத்த எண்ணிக்கையையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அவை இல்லாமல் படத்தைச் சரியாகப் படிக்க முடியாது. வீடு திரும்பியதும் வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகைப் பக்கம் அவர் போகவே கூடாது. மட்கும் வைக்கோலில் இந்த ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வளர்கிறது.

கேள்வி: அப்பாவுக்குப் பூஞ்சை மருந்து தொடங்கி ஒரு வாரம். மறு சி.டி.யில் கட்டி பெரிதாகியிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?
- வாசகி, ஊத்தங்கரை

பதில்: பயப்படாதீர்கள். சரியான மருந்து போனாலும் முதல் ஏழு, பத்து நாள் கட்டி வளரக்கூடும். வெள்ளணு ஏறும்போது கட்டிக்குள் பிறைபோலக் காற்று தெரியும். அது பெரும்பாலும் தேறுவதன் அடையாளம். ஆனால் அந்த நாட்களில்தான் இருமலில் ரத்தம் வரக்கூடும். கொஞ்சமாக வந்தாலும் உடனே அழைத்துப் போங்கள். ஃபிலிம் மட்டும் போதாது, இரண்டு ஸ்கேன்களும் பதிவான சிடி தட்டுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள்.