குரோஷா பழகி ஒரு மாசம்தான் ஆகுது, வெயிலுக்குப் போட்டுக்கற மாதிரி ஒரு டாப் போட முடியுமா, நூல் எது வாங்கணும்?

தாராளமா முடியும் கண்ணு. யாராவது "முதல்ல பத்து கோஸ்டர் போடு, அப்புறம் டாப்புக்கு வா"ன்னு சொல்லியிருப்பாங்க, அதனாலதான் இப்படிக் கேக்கறன்னு நினைக்கறேன். செயின், டபுள் குரோஷான்னு அடிப்படைத் தையல் ரெண்டு வந்தாப் போதும்.

நான் பாலக்கோடு பக்கம். எங்கம்மா மெல்லிசு ஸ்டீல் ஊசில வாசலுக்குத் தோரணம், டிவிக்கு உறை எல்லாம் போடுவாங்க, அதப் பாத்துப் பழகினதுதான் எனக்கும். நான் டாப் போடறேன்னதும் ஃபேன்சி ஸ்டோர்ல பளபளன்னு உல்லன் நூலத்தான் எடுத்துக் குடுத்தாங்க, வேண்டாம்னு வந்துட்டேன். அது பாதிக்கு மேல அக்ரிலிக், சித்திரை வெயில்ல உடம்போட ஒட்டும், வேர்வைய உறிஞ்சாது. 4 பிளை, அதாவது நாலு இழை முறுக்கின காட்டன் வாங்கு, 3.5 எம்எம் ஊசி.

நான் போட்டது ரெண்டு சதுரம், அவ்ளோதான். மார்பு 36 இன்ச்னா லூசுக்கு 4 சேத்து 40, அப்போ முன்னாடி 20, பின்னாடி 20. முதல்ல கையகலத்துக்கு ஒரு துண்டு போட்டு 4 இன்ச்ல எத்தனை தையல் வருதுன்னு எண்ணு. எனக்கு 18 வந்துச்சு, அதனால 20 இன்ச்சுக்கு 90 தையல். 92 செயின் போட்டு, ஊசிலருந்து நாலாவது செயின்ல ஆரம்பிக்கணும், விட்ட 3 செயினும் சேந்து ஒரு தையல் கணக்கு. அந்த செயின மட்டும் 4 எம்எம் ஊசில போடு, இல்லன்னா அடி சுருக்கிக்கும். 20 இன்ச் உயரம் வந்ததும் நிறுத்திட்டு, தோள்ல ரெண்டு பக்கமும் 5 இன்ச் தை, நடுவுல 10 கழுத்து. கைக்கு 8 இன்ச் விட்டுட்டு சைடு தை.

புதுசா போடறவங்களுக்குச் சதுரம் போகப் போக முக்கோணமா ஆகறது எதனாலன்னா, வரிசை ஆரம்பத்துல போடற 3 செயினும் ஒரு தையல்தான், திரும்பி வரும்போது கடைசித் தையல் அதோட உச்சில விழணும், அத விட்டுட்டா வரிசைக்கு ஒரு தையல் குறைஞ்சுட்டே போகும். அந்த உச்சி கண்ணுக்கே தெரியாது, சுருண்டு ஓரமா சாஞ்சிருக்கும். மூணாவது செயின் போட்டதுமே அதுல ஒரு ஊக்கு மாட்டிடு.

ஷேப்பிங் இல்லாத டாப் ஒரு டாப்பான்னு சில பேர் கீழ கமென்ட்ல வருவாங்க, வரட்டும், நான் ஆரம்பிக்கறவங்களுக்குச் சொல்றேன். அந்த டாப்பப் போட்டுக்கிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப சொந்தக்காரங்க ஒருத்தங்க "டேபிள் கிளாத்த மாட்டிக்கிட்டு வந்திருக்கா"ன்னு நாலு பேர் முன்னாடி சொன்னாங்க. அதே ஆளு அடுத்த வாரம் போன் பண்ணி, பொண்ணுக்கு ஒண்ணு போட்டுக் குடு, நூல் காசு தந்துடறேன், நீ வீட்ல சும்மாதானே இருக்கன்னாங்க. நூல் காசாம்! ஓசூர்ல ஒரு பொட்டீக் துணிக்கடைக்காரங்களும் இதேதான், நூலுக்கு மேல நூறு ரூபா. நெஜ குரோஷாவ கடைக்குப் போற அளவுக்குப் போடற மெஷின் இன்னும் வரல, மெஷின்ல வர்றதெல்லாம் பாக்க அப்படி இருக்கற நிட்டிங் துணி. கடையில தொங்கற ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒருத்தரோட கழுத்து வலி இருக்கு. ஆந்திரால நரசாபூர் பொம்பளைங்க தலைமுறை தலைமுறையா போடற குரோஷா லேஸுக்கு 2024ல புவிசார் குறியீடே குடுத்தாங்க, இங்க நமக்கு "சும்மா இருக்க"ன்னு பேரு.

சரி, விஷயத்துக்கு வரேன். காட்டன் தன் வெயிட்லயே கீழ இழுக்கும், ஈரமா கொடில தொங்கவிட்டா டாப் நைட்டி ஆயிடும். துண்டு மேல விரிச்சு நிழல்ல காயவை. நூல் 350 கிராம் வாங்கிக்க, எல்லாத்தையும் ஒரே தடவை வாங்கு, லேபிள்ல லாட் நம்பர், அதாவது ஒரே தடவை சாயம் போட்ட நூலுக்குக் குடுக்கற நம்பர், ஒண்ணா இருக்கான்னு பாரு. அப்புறமா வாங்கினா அதே கலர்னு சொல்லித்தான் தருவாங்க, தச்சதுக்கப்புறம் வெளிச்சத்துல முன்பக்கம் ஒரு நிறம் பின்பக்கம் ஒரு நிறம்னு பட்டவர்த்தனமா தெரியும்.