கடலை அலர்ஜி: எது லேசு, எது ஆபத்து?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் 6 வயது மகனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. பக்கத்து வீட்டில் கொடுத்த, கடலைப்பொடி சேர்த்த சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடியைச் சாப்பிட்டதும் முகமெல்லாம் தடித்துவிட்டது. மாத்திரையில் அடங்கியது. லேசான அலர்ஜிதான் என்று நிம்மதியாக இருக்கலாமா, டாக்டர்?"

அன்று வந்தது லேசானதுதான். அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கடலை கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகலாம். காய்ச்சலோ, சாப்பிட்ட கையோடு ஓடி விளையாடியதோ, கட்டுக்குள் வராத ஆஸ்துமாவோ சேர்ந்தால் அதே அளவே மூச்சை அடைக்கலாம். ரத்தப் பரிசோதனையில் வரும் ஐஜிஇ (அலர்ஜியோடு தொடர்புடைய எதிர்ப்புப் பொருள்) எண்ணை வைத்தும் இதைக் கணிக்க முடியாது.

எந்தெந்த உறுப்பு சிக்கியிருக்கிறது என்பதை வைத்தே தீவிரத்தை எடைபோடுகிறோம். 1977இல் ரிங், மெஸ்மர் இருவரும் வகுத்த 4 படிகள் தொடங்கிப் பல அளவுகோல்கள் உண்டு. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். காணாக்கடி, அரிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம் என்று தோலோடு நின்றால் லேசு. குரல் கம்மினாலோ, விடாமல் இருமினாலோ, மூச்சு இளைத்தாலோ, தொண்டை இறுகுகிறது என்றாலோ, தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ அது அனாபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. வெளிறித் துவண்டு மயங்கினால் மிகக் கடுமை. தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலும் இது வரும். அங்கேதான் பலர் நேரத்தை இழக்கிறார்கள்.

அந்த நிலையில் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை நம்பி உட்காராதீர்கள். அது அரிப்பைத் தணிக்கும், மூச்சை மீட்காது. தேவை அட்ரினலின் ஊசி: தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. பேனா போன்ற தயார் ஊசி நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் வீட்டில் மருந்தும் சிரிஞ்சும் வைத்துக்கொள்வதா, எவ்வளவு, எப்படிப் போடுவது என்று அலர்ஜி மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். தேறிய பிறகு சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவதும் உண்டு, ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னால் இருங்கள்.

அப்புறம், மும்பையில் வறுத்து இடித்த கடலைப்பொடி கோஷிம்பீரிலும் (மராத்தியப் பச்சடி) சமைத்த காய்கறியிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். பள்ளியில் டிபன் பகிரும் வயது வேறு. மேலே சொன்ன அறிகுறிகளை மராத்தியிலோ இந்தியிலோ எழுதி, வகுப்பு டீச்சரிடமும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணிடமும் கொடுத்துவிடுங்கள்.