யூடியூபில் 100, என் வீட்டில் 62: புதுக் கார்டில் கோளாறா?

கேள்வி: சார், நான் திருப்பூரில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். 2021இல் அசெம்பிள் செய்த பிசி என்னுடையது. இன்டெல் ஐ5-10400எஃப், ஹெச்410 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 1080பி மானிட்டர். போன வாரம் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். யூடியூபில் இதே கார்டில் சைபர்பங்க் 2077 விளையாட்டு நூறு எஃப்பிஎஸ்ஸுக்கு (வினாடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற கணக்கு) மேல் ஓடுகிறது. எனக்கு கூட்டமான தெருக்களில் 62தான், அதுவும் திக்கித் திக்கி ஓடுகிறது. கார்டின் (ஜிபியு) பயன்பாடு 60, 70 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. டைம் ஸ்பை என்ற சோதனை நிரலில் கிராபிக்ஸ் ஸ்கோர் 10,480 வந்தது. பத்து நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கார்டு பழுதா? எப்படிச் சோதிப்பது? என் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போதுமா?

பதில்: பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060க்கு டைம் ஸ்பை கிராபிக்ஸ் ஸ்கோர் பத்தாயிரத்து ஐந்நூறை ஒட்டித்தான் வரும். உங்களுடையதும் அங்கேதான் நிற்கிறது. விளையாடும்போது கார்டு 60, 70 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது என்றால் அதற்கு முடியவில்லை என்று அர்த்தம் இல்லை, வேலை வந்து சேரவில்லை என்று அர்த்தம். பந்தியில் பரிமாறுகிறவர் வாளியோடு தயாராக நிற்கிறார், சமையல்கட்டிலிருந்து சோறு வரவில்லை. கார்டை மாற்றுவது பரிமாறுகிறவரை மாற்றுகிற கதைதான்.

ஆனாலும் கடைக்காரர் கொடுத்த கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பழுது இருக்கிறதா என்பதை இன்றைக்கே பார்த்து முடித்துவிடுங்கள். வேகம் ஏன் குறைகிறது என்பதை அடுத்த வாரம் நிதானமாக ஆராயலாம். இரண்டும் வேறு வேறு சோதனைகள், பலர் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பழுது பார்க்க யூனிஜின் ஹெவன் போதும். 2009இல் வந்த பழைய நிரல், இலவசம், நிறுத்தும்வரை சுற்றிச் சுற்றி ஓடும். கேபினட்டை மூடிவைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். திரையில் வண்ணப் புள்ளிகள், கட்டங்கட்டமாகச் சிதறல், திடீரென்று கருப்புத் திரை, டிரைவர் தானாக விழுந்து எழுவது, இதில் எது வந்தாலும் முதலில் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வந்தால் அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் கார்டின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என்விடியா சொல்லும் பூஸ்ட் வேகம் 2,460 மெகாஹெர்ட்ஸ். கார்டு சாதாரணமாக அதைத் தாண்டியே ஓடும், சூடு ஏற ஏறப் படிப்படியாக இறங்கும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் அந்த எண்ணுக்கு மேலே நின்றால் கவலை இல்லை.

வெப்பநிலையை எழுதும்போது அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். ஏசி அறையில் 24 டிகிரியில் எடுத்த அளவை, மின்விசிறி மட்டும் ஓடும் 36 டிகிரி அறையோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் தானாகவே வந்துவிடும். பயந்துபோய் கார்டைப் பிரித்துப் பேஸ்ட் மாற்றி வாரண்டியைத் தொலைத்தவர்கள் உண்டு. ஃபர்மார்க் என்ற சோதனை நிரலை ஓட்டச் சொல்லி யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். எந்த விளையாட்டும் கொடுக்காத சுமையை அது கொடுக்கும், அதில் வரும் எண் விளையாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

அப்படியே ஜிபியு-இசட் என்ற நிரலைத் திறந்து பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பாருங்கள். கார்டும் போர்டும் தகவல் பரிமாறும் பாதைகளுக்கு லேன் என்று பெயர், 4060க்கு எட்டு லேன்கள்தான். அந்த இணைப்பின் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ், உங்கள் ப்ராசசர் அதில் 3.0 தலைமுறை வரைக்கும்தான் போகும். ஆக எட்டு லேன், 3.0 என்று காட்ட வேண்டும். கார்டு சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும். பக்கத்துக் கேள்விக்குறியை அழுத்திச் சின்னச் சோதனையை ஓடவிட்டால் சரியான எண் வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஒருமுறை ஸ்கோர் குறைகிறதே என்று ஒரு ராத்திரி முழுக்க டிரைவர் மாற்றி மாற்றிப் போட்டு, விடிந்த பிறகுதான் கார்டை நாலு லேன் மட்டுமே உள்ள கீழ் ஸ்லாட்டில் செருகியிருப்பதைப் பார்த்தேன்.

சரி, யூடியூப் நூறுக்கு வருவோம். அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கார்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே மிக வேகமான ப்ராசசரைப் போடுவார்கள். 2023 ஏப்ரலில் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி இந்த வேலைக்கு ரொம்பக் காலம் ஓடியது. ப்ராசசர் குறுக்கே நிற்காமல் இருந்தால்தான் ஒரு கார்டுக்கும் இன்னொரு கார்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அது நியாயமான முறைதான். ஆனால் அவர்கள் அளப்பது கார்டை, நீங்கள் அளப்பது உங்கள் கணினியை.

வீடியோவின் தேதியையும் பாருங்கள். 4060 விற்பனைக்கு வந்தது 2023 ஜூன் கடைசியில். சைபர்பங்கின் 2.0 பதிப்பு அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. அதில் ப்ராசசருக்கு வேலை கூடியது, குறைந்தபட்சத் தேவைகளையும் நிறுவனமே உயர்த்தியது. அந்த இரண்டு மூன்று மாத இடைவெளியில் எடுத்த வீடியோக்கள் வேறொரு விளையாட்டை அளந்தவை என்றே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஃபிரேம் ஜெனரேஷன். 40 வரிசைக் கார்டுகளில் அதை இயக்கினால், கணக்கிட்டு வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கார்டு தானாக உருவாக்கிச் சொருகும். எஃப்பிஎஸ் எண் குதித்து ஏறும், ஆனால் மவுஸை அசைத்தால் விளையாட்டு பதில் சொல்லும் வேகம் கூடாது. டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி என்ற செட்டிங்கும் எண்ணை ஏற்றும், 1080பி திரையில் விளையாட்டை 720பியில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும். விளையாடும்போது இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். அளக்கும்போது மட்டும் இரண்டையும் அணைத்துவிடுங்கள். வி-சிங்க்கையும் அணையுங்கள், இல்லையென்றால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அறுபதுக்கு மேல் ஏறாமல் பூட்டிக்கொள்ளும்.

உங்கள் உண்மையான வருத்தம் 62 இல்லை, திக்கல்தான் என்று நினைக்கிறேன். சராசரி எஃப்பிஎஸ்ஸில் திக்கல் தெரியாது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு வினாடியில் 59 ஃபிரேம்கள் தலா 10 மில்லிவினாடியில் வந்துவிடுகின்றன, அறுபதாவது ஃபிரேம் மட்டும் 410 மில்லிவினாடி எடுக்கிறது. மொத்தம் சரியாக ஆயிரம். காகிதத்தில் 60 எஃப்பிஎஸ். கண்ணுக்கோ கிட்டத்தட்ட அரை வினாடி படம் உறைந்து நின்றிருக்கிறது. 2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் இதை விரிவாக எழுதி, ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியாக அளந்து காட்டினார். அதற்குப் பிறகுதான் சராசரியோடு நிறுத்தாமல் 1 சதவீத லோவையும் போடும் வழக்கம் பரவியது. அதிக நேரம் எடுத்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களை மட்டும் வைத்துச் சொல்லும் எண் அது. ஒவ்வொரு மென்பொருளும் இதைக் கொஞ்சம் வேறுமாதிரி கணக்கிடுவதால், ஒன்றில் எடுத்த லோவை இன்னொன்றில் எடுத்த லோவோடு ஒப்பிடக் கூடாது. கேப்ஃப்ரேம்எக்ஸ் என்ற அளக்கும் மென்பொருள் இலவசம், அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். திரையில் எண்களைப் பார்க்க ஆஃப்டர்பர்னரும் ரிவாடியூனரும் போதும்.

எங்கே அளப்பது? சைபர்பங்குக்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது, வசதியானது. ஆனால் உங்களுக்குத் திக்குகிற இடம் தெரு. அதனால் விளையாட்டில் வரும் கபுக்கி சந்தையில் ஒரு சேவ் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து எப்போதும் ஒரே வழியில் 60 வினாடி நடங்கள். முதல் நடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதிய டிரைவருக்கோ புதிய பதிப்புக்கோ பிறகு ஷேடர்கள் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சின்ன நிரல்கள்) முதல் தடவை தயாராகும்போது திக்கல் இருக்கத்தான் செய்யும். அடுத்த மூன்று நடைகளை எடுங்கள். மூன்றும் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நம்பலாம். ஒன்று மட்டும் தனியாக விலகினால் பின்னணியில் விண்டோஸ் அப்டேட்டோ ஸ்டீம் டவுன்லோடோ ஓடியிருக்கும், மறுபடி நடங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. அதே இடம், அதே வழி, ரெசல்யூஷனை மட்டும் 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். கார்டின் வேலை பாதிக்கும் கீழே போய்விடும், ப்ராசசரின் வேலை பெரிதாக மாறாது. எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடையாக இருந்தது கார்டு. ஏறக்குறைய அதே 62 வந்தால் ப்ராசசர் பக்கம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான் வரும் என்று பந்தயம் கட்டுவேன். உறுதிப்படுத்திக்கொள்ள, செட்டிங்ஸில் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்து இன்னொரு நடை நடங்கள். தெருவில் ஆட்களை நடமாடவிடுவது ப்ராசசரின் வேலை, அதைக் குறைத்தால் எண் எழும்பும். ஷேடோ ஆஃப் த டூம் ரெய்டர் உங்களிடம் இருந்தால் இன்னும் எளிது. அதன் பெஞ்ச்மார்க் ப்ராசசர் எஃப்பிஎஸ்ஸையும் கார்டு எஃப்பிஎஸ்ஸையும் தனித்தனியாகவே போட்டுக் கொடுத்துவிடும்.

ப்ராசசர் பக்கம் என்றதும் உடனே புது ப்ராசசர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். எனக்கு உறுத்துவது அந்த ஒற்றை ரேம் ஸ்டிக். ஹெச்410 போர்டில் உங்கள் ஐ5க்கு ரேம் 2,666 வேகத்தில்தான் ஓடும். ஒரே ஸ்டிக் இருக்கும்போது ப்ராசசருக்குக் கிடைக்கும் பாதையின் அகலம் வினாடிக்கு 21 ஜிபி. இரண்டாவது ஸ்டிக்கைப் போட்டு இரட்டைச் சேனல் ஆக்கினால் அது 42க்கு மேல் போகும். ஆறு கோர் ப்ராசசரை ஒற்றை ஸ்டிக்கோடு ஓட்டுவது, இருவழிச் சாலையில் ஒரு பக்கத்தைத் தடுப்பு வைத்து மூடிவிட்டு வண்டி ஓடவில்லை என்று குறைப்படுவது மாதிரி. வாங்குவதற்கு முன் நண்பர் யாரிடமாவது ஒரு டிடிஆர்4 ஸ்டிக்கை ஒரு நாளைக்குக் கடன் வாங்கிப் போட்டு, அதே கபுக்கி நடையை நடந்து பாருங்கள். எத்தனை எஃப்பிஎஸ் கூடும் என்று இங்கிருந்து எண் சொல்ல மாட்டேன், ஆனால் சராசரியைவிட 1 சதவீத லோ அதிகம் எழும்பும் என்று எதிர்பார்க்கிறேன். பலன் தெரிந்தால் 16 ஜிபி ஸ்டிக் இன்னொன்று வாங்குங்கள். 3,200 வேக ஸ்டிக்குக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், இந்தப் போர்டில் அதுவும் 2,666தான்.

இரண்டாவது ஸ்டிக் போட்ட பிறகும் திக்கல் மிச்சம் இருந்தால் டெக்ஸ்சர் செட்டிங்கைப் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) பாருங்கள். உங்கள் கார்டின் சொந்த நினைவகம் வினாடிக்கு 272 ஜிபி கொடுக்கும். அதன் 8 ஜிபி நிரம்பி வழிந்தால் மிச்சத்தை ரேமிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இழுக்க வேண்டும். எட்டு லேன், 3.0 என்றால் அந்த வழியில் வினாடிக்கு 8 ஜிபிகூட முழுதாக வராது. 4.0 போர்டு வைத்திருப்பவருக்கு இதில் இரண்டு மடங்கு கிடைக்கும். அதனால்தான் அவர்கள் தாங்குகிற ஒரு செட்டிங் உங்களிடம் திக்கலாம். இந்தக் கார்டுக்கு எட்டு லேன் மட்டும் வைத்தது பழைய போர்டுக்காரர்களுக்குச் செய்த அநியாயம் என்பது என் கருத்து. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060க்கு 16 லேனும் 12 ஜிபியும் இருந்தன. பரிகாரம் எளிது, டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி அதே நடை நடங்கள். சராசரி அசையாமல் லோ மட்டும் எழுந்தால் குற்றவாளி நினைவகம்தான். ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கை இந்தக் கணினியில் அணைத்தே வையுங்கள், அது கார்டோடு ப்ராசசரையும் சேர்த்து வேலை வாங்கும்.

ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமும் டிரைவரும் செட்டிங்ஸும் ஒரே சாயங்காலத்தில் மாறினால் எது வேலை செய்தது என்பது கடைசிவரை தெரியாது.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 4060 இழுப்பது 115 வாட், ப்ராசசர் முழு மூச்சில் ஓடும்போது சிறிது நேரம் 130 வாட்டைத் தாண்டலாம், மற்றதெல்லாம் சேர்த்தால் 300ஐ ஒட்டி வரும். என்விடியா 550 வாட் பரிந்துரைத்தாலும் நல்ல தயாரிப்பு என்றால் 450 தாங்கும். எஸ்எம்பிஎஸ் திணறினால் எஃப்பிஎஸ் குறைவதைவிட, விளையாட்டின் நடுவில் கணினி பட்டென்று அணைவதாகத்தான் பெரும்பாலும் தெரியும். உங்களுடையது கேபினட்டோடு சேர்ந்து வந்த, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் என்றால் மட்டும் ரேமுக்கு முன்னால் அதை மாற்றுங்கள்.