எல்லோஸ்டோனில் ஐந்து இரவுகள்: மோட்டார்ஹோமை எங்கே நிறுத்துவது?

வாசகர் கேள்வி: செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் செல்லவிருக்கிறோம். நான், மனைவி, ஏழு வயது மகள், என் பெற்றோர் என ஐந்து பேர். சால்ட் லேக் சிட்டியில் 28 அடி நீளமுள்ள மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு கூடிய வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம். உடன் கார் கிடையாது. பூங்காவுக்குள் இருக்கும் மேடிசன் முகாமில் தங்குவதா, வெளியே வெஸ்ட் எல்லோஸ்டோன் ஊரிலுள்ள தனியார் ஆர்வி பார்க் (இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) ஒன்றில் தங்குவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. உறக்கத்தில் மூச்சு தடைபடும் தொல்லை இருப்பதால் என் தந்தையார் இரவு முழுவதும், முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபேப் இயந்திரம் பயன்படுத்துகிறார். எங்கும் இடம் கிடைக்காவிட்டால், பூங்காவுக்குள் ஏதாவது வாகன நிறுத்துமிடத்தில் ஓரிரவைக் கழித்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கழிக்க முடியாது. எல்லோஸ்டோனுக்குள் முகாம்களைத் தவிர வேறெங்கும், அதாவது சாலையோர ஒதுக்கிடங்களிலோ, சுற்றுலா நிறுத்துமிடங்களிலோ, உணவருந்தும் திடல்களிலோ, வண்டியை நிறுத்தி உறங்குவதற்கு அனுமதி இல்லை. ஆகவே ஐந்து இரவுகளுக்கும் முன்பதிவு உறுதியான பிறகுதான் வண்டியை வாடகைக்கு எடுக்கும் பேச்சே. பலர் வண்டியை முதலில் பதிவு செய்துவிட்டு இடத்தைப் பிறகு தேடுகிறார்கள். கோடையிலும் செப்டம்பரிலும் அது தலைகீழ் வரிசை.

இனி, உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி. பொதுவாக இந்தக் கேள்விக்குத் தொலைவையும் காட்சியையும் வைத்தே விடை சொல்வார்கள். மேடிசன் முகாம் மேற்கு வாயிலிலிருந்து 14 மைல் உள்ளே, ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று 16 மைல்தான். வெஸ்ட் எல்லோஸ்டோனிலிருந்து புறப்பட்டால் அதே ஊற்றுக்கு 30 மைல். காலையில் நுழைவாயிலில் நிற்கும் வரிசையையும் சேர்த்தால், உள்ளே தங்குவதன் பயன் தெளிவாகவே தெரியும். உங்களிடம் தனியாகக் கார் இல்லாததால் இன்னொன்றும் உண்டு: மின்சாரமும் தண்ணீரும் கழிவுக்குழாயும் இணைத்த இடத்தில் வண்டியை நிறுத்தினாலும், ஒவ்வொரு காலையிலும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வீட்டோடு சேர்த்தே ஓட்டிச் செல்லப் போகிறீர்கள். பகல் முழுவதும் அந்த இணைப்புகள் வெறுமனே கிடக்கும். எனவே உங்கள் தந்தையாரின் இயந்திரம் மட்டும் இல்லையென்றால், மேடிசனையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பேன்.

மேடிசனில் எந்த இடத்துக்கும் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரை இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை இயக்கக் கூடாது. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் வண்டிக்குள் இருக்கும் மின்கலத்தை நம்பித்தான் ஓட்ட வேண்டும். வாடகை வண்டிகளில் அந்த மின்கலம் எவ்வளவு தரும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமில மின்கலம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அதைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது ஏறத்தாழ 50. செப்டம்பரில் அந்த உயரத்தில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவது வழக்கமானதே என்பதால், சூடேற்றி அடிக்கடி இயங்கும். அது எரிப்பது புரொபேன் வாயுவை என்றாலும், அந்த வெப்பத்தை ஊதித் தள்ளும் விசிறி மின்கலத்திலிருந்து சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். ஒன்பது மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 36 ஆம்பியர்-மணி போய்விடுகிறது. சிபேப் இயந்திரம் 30 வாட் எடுக்கும் வகையாக இருந்தால் எட்டு மணி நேரத்தில் இன்னும் 20 ஆம்பியர்-மணி. இரண்டையும் கூட்டினால் 56. விடியற்காலையில், குளிர் உச்சத்தில் இருக்கும்போது, இயந்திரமும் சூடேற்றியும் சேர்ந்தே நின்றுபோகலாம். காற்றை ஈரப்படுத்திச் சூடாக்கும் வசதியையும் இயக்கினால் மின் தேவை இரண்டு மூன்று மடங்காகும். அப்போது கணக்கே போட வேண்டியதில்லை. இது போதாதென்று, பல வாடகை வண்டிகளில் மின்கலத்திலிருந்து சுவர்ச் சொருகிக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டரே இருப்பதில்லை. சொருகியைப் பார்த்து நிம்மதியடைகிறவர்கள், வெளி இணைப்போ ஜெனரேட்டரோ இல்லாதபோது அது வெறும் சுவர் அலங்காரம் என்பதை முதலிரவில்தான் அறிகிறார்கள்.

ஆகவே உங்கள் குடும்பத்துக்கு மின் இணைப்புள்ள இடம் தவிர்க்க முடியாதது. பூங்காவுக்குள் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் சேர்ந்த முகாம் ஒன்றே ஒன்றுதான்: எல்லோஸ்டோன் ஏரிக்கரைப் பக்கமுள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க். கிரிஸ்லி கரடிகள் அதிகம் நடமாடும் பகுதி என்பதால் அங்கே கூடாரங்களுக்கும் துணிச்சுவர் கொண்ட மடக்கு வண்டிகளுக்கும் அனுமதி இல்லை. உங்கள் மோட்டார்ஹோம் கெட்டிச் சுவர் கொண்டது, ஆதலால் தடையில்லை. (பெயரில் மீன்பிடிப்பு இருந்தாலும், அந்தப் பாலத்திலிருந்து மீன்பிடிப்பது 1973 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது, தூண்டிலை எடுத்துச் செல்ல வேண்டாம்.) இந்த முகாமை பூங்காவின் ஒப்பந்த நிறுவனமான சான்டெரா நடத்துகிறது. கோடைப் பருவத்துக்கான இடங்கள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும் என்றாலும், பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதும் ஒரு வாரம் இருக்கும்போதும் ரத்தாகும் பதிவுகள் திரும்ப வருவதுண்டு. ஐந்து இரவையும் ஒரே மூச்சில் தேடாமல், தனித்தனி இரவாகத் தேடிப் பாருங்கள்.

என் பரிந்துரை இதுதான்: முதல் மூன்று இரவுகள் வெஸ்ட் எல்லோஸ்டோனில் மூன்று இணைப்பும் கொண்ட தனியார் ஆர்வி பார்க்கில், அடுத்த இரண்டு இரவுகள் ஃபிஷிங் பிரிட்ஜில். பூங்காவின் சாலை எட்டு வடிவில் 142 மைல் சுற்றுகிறது. மேற்கு வாயிலிலிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல், நாரிஸ் போன்ற வெந்நீர் ஊற்றுப் பகுதிகள் கைக்கெட்டும். ஆனால் ஃபிஷிங் பிரிட்ஜுக்கு நாரிஸ், கேன்யன் வழியாக 56 மைல். வேக வரம்பு மணிக்கு 45 மைல் என்பதோடு, காட்டெருமைகள் சாலையை மறித்து நின்றால் அவை நகரும்வரை நீங்களும் நிற்க வேண்டியதுதான். ஆகவே போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பகுதியில் இரண்டு இரவு தங்கினால் இந்த அலைச்சல் மிச்சமாகும். ஹெய்டன் பள்ளத்தாக்கில் விலங்குகள் வெளிவரும் அதிகாலையிலும் அந்தியிலும் நீங்கள் அருகிலேயே இருப்பீர்கள். ஃபிஷிங் பிரிட்ஜ் கிடைக்கவே இல்லையென்றால் ஐந்து இரவும் வெஸ்ட் எல்லோஸ்டோன்தான். கிழக்குப் பகுதிக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

தனியார் பார்க்கில் பதிவு செய்யும்போது சில விவரங்களைத் தொலைபேசியிலேயே கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. கழிவுக்குழாய் இணைப்பு உங்கள் இடத்திலேயே இருக்கிறதா, அல்லது வெளியேறும்போது பொதுக் கழிவுத் தொட்டியில்தான் கொட்ட வேண்டுமா என்பது முதலாவது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பவர்கள் உண்டு. அடிப்படைக் கட்டணம் எத்தனை பேருக்கு என்பது அடுத்தது, ஏனெனில் சில இடங்களில் இருவருக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டணம் சேரும். முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறும் புல்-த்ரூ இடம் சற்று விலை கூடுதலானாலும், இதற்கு முன் இவ்வளவு நீள வண்டியைப் பின்னோக்கி ஓட்டிப் பழகாதவர் அதையே கேட்டு வாங்க வேண்டும். உறையும் இரவுகளில் பார்க் நிர்வாகம் தண்ணீரை நிறுத்துமா என்றும் கேளுங்கள். பூங்காவின் நுழைவுக் கட்டணம் தங்கும் கட்டணத்தில் அடங்காது.

போய்ச் சேர்ந்ததும் முதலில் வண்டியைச் சமன்படுத்துங்கள். இது வசதிக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. வாயுவில் இயங்கும் வகைக் குளிர்பதனப் பெட்டிகள் வண்டி சாய்ந்திருந்தால் சரியாக இயங்காமல் பழுதாகும். பிறகு மின்தூணில் உள்ள பிரேக்கரை அணைத்துவிட்டுச் சொருகியைப் பொருத்தி, அதன் பின்னரே பிரேக்கரைப் போடுங்கள். 28 அடி வண்டிக்குப் பெரும்பாலும் 30 ஆம்பியர் இணைப்புதான். 120 வோல்ட்டில் அது 3,600 வாட். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தெரியும். 1,500 வாட் மின் சூடேற்றியும், 1,500 வாட் கெட்டிலும் ஓடும்போது யாராவது மைக்ரோவேவைத் தொட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். பகலில் விழுந்தால் எழுந்து போய்ப் போடலாம். நள்ளிரவில் விழுந்தால் உங்கள் தந்தையாரின் இயந்திரமும் அதோடு நிற்கும். ஆகவே இரவு முழுவதும் மின் சூடேற்றியை ஓட்டாமல் வண்டியின் புரொபேன் சூடேற்றியையே பயன்படுத்தி, மின்சாரத்தைச் சிபேப்புக்கு விட்டுவைப்பது நல்லது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இயங்குகிறதா என்பதை வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போதே அழுத்திச் சோதித்துவிடுங்கள்.

தண்ணீர் இணைப்புக்கு அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று தேவை. பார்க் குழாயின் அழுத்தம் வண்டியின் மெல்லிய குழாய்களால் தாங்க முடியாததாக இருக்கலாம். குடிநீருக்கான வெள்ளைக் குழாயும், கழிவுத் தொட்டியைக் கழுவும் குழாயும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. மாலையில் வண்டியின் நன்னீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு, வெளிக்குழாயைக் கழற்றி வடியவிட்டுச் சுருட்டி வைத்துவிடுங்கள். இரவில் இணைத்தபடி விட்டால் காலையில் அது பனிக்கட்டிக் கம்பாகிவிடும்.

கழிவு விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கழிப்பறைக் கழிவு சேர்வது பிளாக் டேங்க். குளியல், பாத்திரம் கழுவிய நீர் சேர்வது கிரே டேங்க். இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைத்தால், நீர் மட்டும் ஓடிவிட்டு திடக்கழிவு அடியில் தங்கி மேடாகக் கெட்டிப்படும். வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அதற்கான அபராதத்தைக் கட்ட நேரிடும். மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பின் திறந்துவிடுங்கள். முதலில் பிளாக், பிறகு கிரே. பின்னால் வரும் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும். கிரே டேங்க் பற்றி இன்னொரு கணக்கு: அதன் கொள்ளளவு 30 கேலன் என்று கொண்டால், நிமிடத்துக்கு 2 கேலன் ஊற்றும் குழாயில் ஆளுக்கு ஐந்து நிமிடம் குளித்தால் ஐந்து பேருக்கு 50 கேலன். முதல் நாளே நிரம்பி, குளியல் தொட்டியின் வடிகால் வழியே மேலேறி வரும். பார்க்கில் பொதுக் குளியலறை இருந்தால் வளர்ந்தவர்கள் அங்கே குளித்துவிடுவது சாலச் சிறந்தது.

உணவுப் பொருள்களைப் பற்றிய விதி பூங்காவுக்குள் மிகக் கண்டிப்பானது. உணவு மட்டுமன்றி, அடுப்பு, ஐஸ் பெட்டி, கழுவாத பாத்திரம், பற்பசை போன்று மணம் வீசும் எதையும் மேசைமேல் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பயன்படுத்தாத நேரத்தில் எல்லாமே வண்டிக்குள் இருக்க வேண்டும். மனித உணவின் சுவை அறிந்துவிட்ட கரடியை இறுதியில் கொல்ல வேண்டிய நிலை வருகிறது என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம். கரடி, ஓநாய் ஆகியவற்றிலிருந்து 100 கஜம், காட்டெருமை, எல்க் மான் போன்றவற்றிலிருந்து 25 கஜம் விலகியிருக்க வேண்டும். நீங்கள் செல்லும் செப்டம்பர் எல்க் மான்களின் இனச்சேர்க்கைக் காலம். ஆண் மான்கள் வண்டிகளையே முட்டும் மூர்க்கத்தில் இருக்கும். மகளைக் கைக்கெட்டும் தொலைவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் பயணத்தில் 28 அடி வண்டியோடு சிரமப்படப் போகும் இடம் மிட்வே வெந்நீர் ஊற்றுப் பகுதி. புகழ்பெற்ற கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று அங்கே இருப்பதால் சிறிய நிறுத்துமிடம் முற்பகலிலேயே திணறும். காலை எட்டரைக்கு முன்னர் போய்விடுங்கள், அல்லது மாலை ஐந்துக்குப் பின் போங்கள். ஓல்ட் ஃபெய்த்ஃபுலில் நீள வண்டிகளுக்கு இடம் உண்டு. செல்பேசி அலைவரிசை பூங்காவின் பெரும்பகுதியில் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

தந்தையாரைப் பற்றி மேலும் இரண்டு சொற்கள். வெஸ்ட் எல்லோஸ்டோன் கடல் மட்டத்திலிருந்து 6,667 அடி உயரத்திலும், எல்லோஸ்டோன் ஏரி 7,700 அடிக்கும் மேலும் இருக்கின்றன. உறக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு உயரம் கூடுதல் சுமையாகலாம் என்பதால், அவருடைய மருத்துவரிடம் இந்த உயரங்களைக் குறிப்பிட்டே ஆலோசனை கேளுங்கள். தாழ்வான இடத்தில் முதலில் தங்கி, பிறகு ஏரிப் பக்கம் செல்லும்படி இரவுகளை நான் வரிசைப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். மின் இணைப்புள்ள இடத்திலும் மின்சாரம் தடைபடக்கூடும். ஆகவே அவருடைய இயந்திரத்துக்கென்றே விற்கப்படும் 12 வோல்ட் இணைப்புக் கம்பியை வாங்கி, அது வண்டிக்குள் இருக்கும் எந்தச் சொருகியில் பொருந்துகிறது, வண்டியின் இயந்திரம் அணைந்திருக்கும்போதும் அந்தச் சொருகியில் மின்சாரம் வருகிறதா என்பதைச் சால்ட் லேக் சிட்டியில் வண்டியைப் பெறும்போதே சோதித்துப் பாருங்கள். அந்த நிலையில் ஓரிரவு ஓட்ட நேர்ந்தால், ஈரமாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும்.